எந்த மண்ணைக் கரைப்பது

போன வாரம் முழுக்க மழை. ஹாலிஎலையில் நான் இருக்கும் வீட்டுக் குழாயில் தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் வந்தது. காலையில் எவர்சில்வர் டம்ளரைக் கழுவலாம் என்று அடியில் விரலை விட்டுச் சுழற்றினேன். கரகரவென்று ஒரு சத்தம். உலோகத்தின் மேல் மண் தேய்கிற சத்தம். பல் கூசியது. பிறகு பல்லுக்கும் உள்ளே எங்கேயோ கூசியது.

டம்ளரைக் கவிழ்த்துவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சத்தத்தை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். நமுனுகுல மலைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்துக் காம்பராவில், அதாவது வரிசை வீட்டின் ஒற்றை அறையில். பெருமாள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு டம்ளரில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கலக்கிக்கொண்டிருந்தார். கட்டிலில் அம்மா கிடந்தாள். கால்மாட்டில், அமெரிக்காவிலிருந்து வந்த என் அண்ணன், எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றிருந்தார்.

அம்மா போக வேண்டும். போக முடியவில்லை. எங்கள் எல்லாருக்கும் அன்றைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

போனாளா என்றால், இல்லை. அண்ணன் திரும்பிப் போன பிறகும் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தாள். முதுகெல்லாம் புண். நானும் மாமாவும் வாழையிலையில் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தோம். கடைசியில் அவள் அடங்கியபோது அண்ணன் கைபேசித் திரைக்குள் இருந்தார்.

“இந்த மனுசி எதப் புடிச்சுக்கிட்டு இப்பிடிக் கெடந்துச்சு?” என்று மாமா குழிமேட்டில் நின்று கேட்டார்.

எதைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள் என்பதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஜன்னல் இல்லாத அறை

அண்ணன் பெயர் மாரிமுத்து. அங்கே மார்ட்டி. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் கேட்கிற ஆங்கிலப் பாட்டுகளில் ஒன்றிரண்டாவது அவர் எழுதியதாக இருக்கும். அவர் முகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாடியவரின் முகம்தான் பாட்டின் முகம். எழுதியவரின் பெயர் தேடித் தட்டினால் கடைசியில் பொடி எழுத்தில் வரும். அதுவும் ஒரு கூட்டத்துக்கு நடுவே.

பதுளையில் படித்து, கொழும்பில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் கிட்டார் வாசித்து, அங்கிருந்து உல்லாசக் கப்பலுக்குப் போனவர். கப்பல் அமெரிக்கக் கரையில் நின்ற ஒருநாள் இறங்கினார். எப்படித் தங்கினார் என்று அவர் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதில்லை. பல வருஷம் கழித்து ஒரு பாடகிக்கு இரண்டாம் சரணத்தில் வார்த்தை சிக்காமல் போக, மூலையில் கிட்டார்க் கம்பி மாற்றிக்கொண்டிருந்த அண்ணன் நாலு வரி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த நாலு வரி அவரைத் தூக்கிக்கொண்டு போனது. வீடு, கார், ஒரு விருது, ஒரு மனைவி. எல்லாம் புகைப்படமாக எங்களுக்கு வந்து சேர்ந்தன.

பாட்டு எழுதுவது என்றால் ஜன்னலோரம் பேனாவும் மழையுமாக உட்காருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு தடவை தொலைபேசியில் கேட்டேன். சிரித்தார்.

“ஜன்னலே இருக்காதுடி அந்த ரூம்ல. ஆறு பேரு உக்காந்திருப்போம். ஒருத்தன் தாளத்த ஓடவிடுவான். ஒருத்தி கண்ண மூடிக்கிட்டு ஆ, ஊ, லான்னு மொனகுவா. அது எங்க வாயத் தொறக்குது, எங்க மூடுதுன்னு பாத்து அதுக்குள்ள வார்த்தைய நொழைக்கணும். அவ்வளவுதான் என் பொழப்பு.”

“அர்த்தம்?”

“அர்த்தம் பின்னால வரும். மொதல்ல வாயி. மேல ஏறி நிக்கிற எடத்துல ‘ஈ’ன்னு முடியிற வார்த்தைய வெச்சா பாடுறவ தொண்ட இறுகிப் போகும். ‘ஆ’ன்னு வெச்சுப் பாரு, தெருவே சேந்து பாடும்.”

அண்ணனின் தமிழ் அவர் கப்பல் ஏறிய வயதிலேயே நின்றுவிட்டது. தலை நரைத்துக் கண்ணாடி போட்ட மனிதர், இருபது வயதுத் தோட்டத்துப் பையனின் பேச்சில் பேசுவார். கேட்க வேடிக்கையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

அவர் தொழிலில் ஒரு சட்டம் வைத்திருந்தார். பாட்டில் ஊர்ப்பேர் வரக் கூடாது. தெருப்பேர், ஆற்றுப்பேர், மலைப்பேர், ஒன்றும் கூடாது.

“கேக்குறவன் அவன் ஊரப் போட்டுக்கணும், செல்வி. நான் ஒரு ஊரப் போட்டுட்டா அவனுக்கு அதுல எடமில்ல. வெளிய நிப்பான்.”

நான் அதற்கு நேர்மாறு. தெமோதரை என்று எழுதாவிட்டால் எனக்கு வாக்கியம் நகராது. என் புத்தகங்களைப் பதுளையில் இரண்டு கடைகளில் தூசி தட்டி எடுத்துத் தருவார்கள். அவருடைய பாட்டை உலகமே குளியலறையில் பாடுகிறது. இதில் யார் சரி என்று எனக்குள் கொஞ்ச காலம் ஒரு வழக்கு நடந்தது. அம்மா படுத்த பிறகு அந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டேன்.

கார் ஓட்டுகிற அம்மா

அண்ணனின் பாட்டுகளில் பெரிதாக ஓடியது வீடு திரும்புவதைப் பற்றியது.

அம்மாவை மாதச் சிகிச்சைக்குப் பதுளைக்குக் கூட்டிப் போன ஒருநாள், பசார் வீதியில் நிஸாம் நானாவின் கைபேசிக் கடையைத் தாண்டும்போது அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நானா எங்களைப் பார்த்ததும் சத்தத்தைக் கூட்டினார். ஸ்டூலைத் தூக்கி வாசலில் போட்டார்.

“ஒங்கட மகன்ட பாட்டும்மா இது. இருந்து கேட்டுட்டுப் போங்க. கொழும்புல கலியாண ஊடு எல்லாம் இதான்.”

அம்மா உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கோயிலில் கேட்பது போலக் கேட்டாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“என்னடி சொல்றான்?”

“ஒருத்தன் ரொம்ப நாள் கழிச்சு வீட்டுக்குப் போறான். மழ பேயுது. ஸ்டேஷன்ல அவங்கம்மா கார நிப்பாட்டிக்கிட்டுக் காத்திருக்கு.”

“கார யாரு ஓட்டியாந்தா?”

“அம்மாதான்.”

“எனக்கு டிராக்டர் பொட்டியில ஏறவே வவுத்தக் கலக்கும். நான் எங்கடி கார் ஓட்டினேன்?”

நானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“பாட்டுக்காகம்மா. அங்க எல்லா அம்மாவும் ஓட்டும்.”

“அப்ப அது அந்த ஊரு அம்மா.” கொஞ்சம் யோசித்தாள். “வீடு எப்பிடி?”

“வெள்ள வீடு. கதவு பூட்டாம தெறந்து கெடக்குன்னு வருது.”

“நாய் பூந்துராதா?”

“ரொம்பக் கேள்வி கேக்குறீங்கம்மா நீங்க” என்றார் நானா. “பாட்டுன்னா அப்பிடித்தான்.”

“கேக்காம? எம்மவன் எவளையோ கார்ல ஒக்கார வெச்சிருக்கான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, “எங்க வருது, என்ன எடம்னு ஒரு பேரு போட்டிருக்கலாம்” என்று மட்டும் சொன்னாள்.

பொன், பிள்ளை, மண்

ஆஸ்பத்திரியில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கூட்டி வந்தோம்.

சாப்பாடு நின்றது. பேச்சு குறைந்தது. மூச்சு மட்டும், தீர்ந்துபோன விளக்கில் திரி எரிவது போல, ஓடிக்கொண்டே இருந்தது. கண் திறந்தால் எல்லாரையும் அடையாளம் தெரியும். ராத்திரியெல்லாம் முனகுவாள். “என்ன விட்ருங்கடா” என்பாள். யார் பிடித்திருக்கிறார்கள்?

இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிருக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. ஏதோ ஓர் ஆசை அதைக் கட்டிப் போட்டிருக்கிறது. அதை ஒரு சொட்டு வாயில் விட்டால் கட்டு அவிழும். பொன்னாசையா என்று பார்க்க, மாமா அவளுடைய மூக்குத்தியைக் கல்லில் உரைத்து அந்தத் தண்ணீரை ஊற்றினார். விழுங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளையாசை என்றார்கள். அண்ணனுக்குச் சொன்னோம். வந்துவிட்டார்.

கொழும்பிலிருந்து வேனில் வந்து இறங்கியவர் தலையைக் குனிந்து காம்பராவுக்குள் நுழைந்தார். அம்மா அவர் கன்னத்தைத் தடவினாள்.

“மெலிஞ்சிட்டே.”

“டயட்டும்மா.”

“அரிசி கெடைக்கலியா?”

அவர் கையால் ஒரு கரண்டி பால் குடித்தாள். அன்று சாயங்காலம் லயமே இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்து காத்திருந்தது. விடிந்தது. அம்மா கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டாள்.

“பொன்னும் ஆச்சு, புள்ளையும் வந்தாச்சு” என்றார் மாமா. “மிச்சம் மண்ணுதான்.”

“என்ன மண்ணு மாமா?” என்றார் அண்ணன்.

“சொந்த மண்ணு.”



மற்ற ஊர்களில் இது ஒரு வேலையே இல்லை. வயல் இருக்கும், வாசல் இருக்கும்; ஒரு சிட்டிகை எடுத்துக் கரைத்து ஊற்றுவார்கள். நாங்கள் நாலு தலைமுறையாக இந்த மலையில் இருக்கிறோம். லயம் தோட்டத்தோடது. லயத்துக்குக் கீழே இருக்கிற தரை தோட்டத்தோடது. அம்மா ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டால் அது வேர்பிடிக்கிற இடமும் தோட்டத்தோடது. சாகிறவளுக்கு ஆசைப்பட மண் இருக்கிறது. அதில் அவளுடையது என்று எதைக் காட்டுவது?

“தலப்புள்ள நீதான் மாப்ள சொல்லணும்” என்றார் மாமா. “எந்த எடம்னு பேரச் சொல்லு. நான் போயி அள்ளியாறேன்.”

ஊர்ப்பேர் இல்லாமல் உலகத்துக்கே வீட்டுக்கு வழி எழுதிக் கொடுத்தவரிடம், ஒரே ஓர் இடத்தின் பேரைக் கேட்கிறார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லு செல்வி. நீதானே இந்த ஊரப் பத்தியே எழுதுறவ.”

“நான் எழுதுறது வேற அண்ணே. நீங்க சொல்லுங்க.”

“இந்தியாவுலருந்து வந்தவங்கதானே நாம? அங்க…”

“தொறையூர்ப் பக்கம்னு எங்கப்பன் சொல்வாரு” என்றார் மாமா. “பக்கம்னா எந்தப் பக்கம்? போயி எவன் காட்டுல அள்ளுவ?”

ஏழாம் நம்பர் மலை

நானும் அண்ணனும் வெளியே இறங்கினோம். கையில் ஒரு காலிப் பால்மாவு டின்.

லயத்து வாசலைப் பார்த்தார். நாங்கள் குழி பறித்து விளையாடிய இடம். ஏதோ ஒரு திட்டத்தில் அதைச் சிமெந்து போட்டு மெழுகிவிட்டார்கள். காலால் ஒரு தட்டு தட்டினார். பின்பக்கம் போனோம். அம்மா போஞ்சியும் கோவாவுமாகக் காய்கறி போட்ட பாத்தி போன மழையில் சரிந்து ஓடைக்குள் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் கிடந்தது. மலை இன்னும் சரியாமல் இருக்கப் போட்டது. கோயில் முகப்பில் குனிந்தவரை, வழியில் போன பூசாரி தடுத்தார். சாமி மண் நெற்றிக்குத்தான் போகலாமாம், வாய்க்கு ஆகாதாம்.

அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. “அவ எந்த எடத்துல ரொம்ப நேரம் இருந்தா?” என்று கேட்டார்.

“அது உங்களுக்குத் தெரியாததா? அம்மா கொழுந்து பறிச்ச ஏழாம் நம்பர் மலைதான்.”

ஏறினோம். பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கீழே பதுளைப் பக்கம் மேகம் அடைத்துக் கிடந்தது.

“செல்வி, எனக்கு வீடு இல்ல.”

எனக்கு முதலில் புரியவில்லை. “போட்டோல பாத்தோமே? முன்னால பெரிய மரம் நின்னுச்சே?”

“அது போயி ரொம்ப வருசம் ஆச்சு. எம் பொண்டாட்டி பிரிஞ்சப்ப அதோட போச்சு. இப்ப ரெண்டு ரூம், வாடக. மூணாவது மாடி. மண்ணப் பாக்கணும்னா கீழ எறங்கி ரோட்டத் தாண்டணும்.”

“பாட்டெல்லாம் ஓடுதே அண்ணே, இன்னமும்?”

“ஓடுது. வித்துட்டேன். இப்ப அது ஒரு கம்பெனியோடது.” டின்னைக் கையில் சுற்றினார். “என் வயசு ஆள அந்த ரூமுக்குள்ள இப்ப யாரும் கூப்புடுறதில்ல. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு புதுப் பொண்ணு கூப்புட்டிருக்கு. நாளைக்கே கெளம்பணும். போகாட்டி அந்த நாற்காலியில வேறொருத்தன் ஒக்காந்துருவான்.”

“அம்மா இப்பிடிக் கெடக்கையிலயா?”

“தெரியுது. அவகிட்ட மட்டும் சொல்லாத. வீட்டப் பத்தி.”

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

மேலே பெண்கள் நிரை நிரையாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனையும் டின்னையும் பார்த்ததும் சலசலப்பு தொடங்கிவிட்டது.

“அமெரிக்காத் தொர வர்றாரு, நெரைய விடுங்கடி!”

“என்னா தொர, டின்னோட? பால் கறக்கவா?”

“மண்ணு அள்ள வந்திருக்காருடி. ஏன் அண்ணே, கொழுந்து களவாண்டா கேசு. மண்ணு களவாண்டா என்ன கேசு?”

“ரெண்டும் தொர சொத்துதான். உள்ள தள்ளிருவானுங்க.”

சிரிப்பு மலையெங்கும் உருண்டது. பிறகு வயதான ஒருத்தி கூடையைத் தோளில் சரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். குரலை இறக்கி, “கணக்கப்பிள்ள வர்றதுக்குள்ள அள்ளிட்டுப் போங்க தம்பி. இந்தா, இந்த நெரதான். அக்கா எப்பவும் இதுலதான் நிக்கும்” என்றாள்.

அண்ணன் தேயிலைச் செடிக்கு அடியில் முழங்கால் போட்டார். சருகை ஒதுக்கினார். ஈர மண், கறுப்பு. மருந்து அடித்த வாசனை லேசாக வந்தது. ஒரு கைப்பிடி அள்ளி டின்னில் போட்டபோது அவர் முகத்தைப் பார்த்தேன். பல நாள் தேடிய வார்த்தை கடைசியில் வந்து உட்கார்ந்துவிட்ட முகம். அவருடைய பாட்டுகள் பிறக்கிறபோது இந்த முகம்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாயைத் துடை

மாமா கலக்கினார். கரகரவென்று அந்தச் சத்தம். துணியில் வடித்தார். அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்து, அம்மாவின் தலையை மடியில் ஏற்றி, கரண்டியை உதட்டில் வைத்தார்.

வாசல் நிறைய ஆட்கள். யாரோ சாமி பேரைச் சொல்லத் தொடங்கினார்கள்.

அம்மா வாயில் வாங்கினாள். விழுங்கவில்லை. நாக்கு உள்ளே அசைவது கன்னத்தில் தெரிந்தது. கண்ணைத் திறந்தாள். நாள்கணக்கில் நான் பார்க்காத தெளிவு அந்தக் கண்ணில் இருந்தது.

“எங்கத்த மண்ணு?”

“ஏழாம் நம்பர் மலம்மா. நீ நின்ன நெர.”

தண்ணீர் கடைவாயில் வழிந்தது. அவள்தான் நாக்கால் தள்ளுகிறாள்.

“அது தோட்டத்து மண்ணுடா.”

“நீ ஆயுசு பூராவும் நின்ன எடம்மா.”

“நின்னேன். தெனம் சாயங்காலம் பீலித் தண்ணியில நின்னு அத ஒரச்சு ஒரச்சுக் கழுவிட்டுத்தான் காம்பராக்குள்ள கால வெச்சேன். கால்ல ஒட்டவிடாதத வாயில ஊத்துறியா?”

மாமா, “அக்கா, அக்கா” என்றார்.

“வாயத் தொட.”

அண்ணன் துடைத்தார். முதலில் கைக்குட்டையால். பிறகு உள்ளே விரலைவிட்டு, ஈறில் ஒட்டியிருந்ததையும். அம்மா பொறுமையாக, வாயைப் பெரிதாகத் திறந்து காட்டிக்கொண்டு கிடந்தாள்.

இஸ்தோப்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மாமா டம்ளரை வெளியே கொண்டுபோய், எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே நின்றார்.

வேன் வந்த காலை

மறுநாள் காலையில் வேன் ரோட்டில் வந்து நின்றது. தூறல். மாமா அண்ணனிடம் பேசவில்லை. “பால் ஊத்த ஆளு இருக்கு, கெளம்பட்டும்” என்று என்னிடம் சொன்னார், அவர் காதில் விழும்படி.

அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். அம்மா விழித்துத்தான் இருந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எலும்பும் தோலுமான பிடி.

“போயிட்டு வரேம்மா.”

“இரு. அங்க ஒனக்கு வீடு இருக்குல்ல?”

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. “இருக்கும்மா.”

“தனி வீடா? லயம் மாதிரி ஒட்டு வீடா?”

“தனி வீடுதான்.”

“முன்னால சிமெந்தா, மண்ணா?”

“மண்ணுதாம்மா.”

“யாரோடது?”

ரோட்டில் வேன்காரன் ஹாரன் அடித்தான். அண்ணன் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்கு வார்த்தை பொருத்திக் கொடுத்தவர்.

“என்னோடதும்மா.”

அம்மாவின் பிடி தளர்ந்தது. முகத்தில் அத்தனை நாள் இருந்த சுளிப்பு மெல்ல விரிந்தது. அவர் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

“அப்பச் சரி. அடுத்த வாட்டி வர்றப்ப அதுல ஒரு கைப்பிடி அள்ளியா. நீ வர்ற வரைக்கும் நான் கெடக்கேன்.”